நெய் டின்னும் கொழுப்பு டின்னும்: செமினி அடுப்படியிலிருந்து ஒரு வரலாறு



படிவம் நான்கு வகுப்பில் ஒருநாள் புணர்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். எள் + நெய் = எண்ணெய் என்று வெண்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "டீச்சர், எங்க வீட்டு நெய் டின்னுல மின்யாக் சாப்பின்னு போட்டிருக்கு. சாப்பின்னா மாடுதானே? அப்ப அது மாட்டுக் கொழுப்பா? எங்க வீட்டுல மாடு சாப்பிட மாட்டோமே!" வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. உண்மையிலேயே பயந்துபோயிருந்தான்.

நெய் பாலிலிருந்து வருவது, மாட்டை அறுத்து எடுப்பதல்ல, மலாய்மொழியில் மின்யாக் சாப்பி என்பது நெய்க்குரிய பெயர்தான் என்று விளக்கினேன். தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "பாலும் மாட்டுக்குள்ள இருந்துதானே டீச்சர் வருது?" என்றான். மணி அடித்துவிட்டது. நல்ல வேளை என்றுதான் அப்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நெய்யும் விலங்குக் கொழுப்புதான், ஆட்டுக் கொழுப்பும் விலங்குக் கொழுப்புதான். ஒன்று சாமி விளக்குக்குப் போகிறது. இன்னொன்றைப் பற்றி வீட்டில் பேசக்கூட மாட்டோம். இந்தப் பிரிவு எப்படி வந்தது?

தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் ரப்பர் மரம், கங்காணி, கள்ளுக்கடை, லயம் என்று நான்கு சொற்களையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அடுப்படிக்குள் யாரும் நுழைவதில்லை. அங்கே இருந்த ஒரு டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாற்றைப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று தேடியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நெய் என்றால் இன்று பசு நெய், எருமை நெய் என்றுதான் புரிந்துகொள்கிறோம். பழைய தமிழில் அதன் பொருள் இன்னும் விரிந்தது. பிசுபிசுப்பும் வழவழப்பும் உள்ள எதுவும் நெய்தான். எள்ளிலிருந்து வந்த நெய் எண்ணெய் ஆனது. ளகர மெய்யும் நகரமும் சேரும் இடத்தில் இரண்டும் திரிந்து ண்ண என்று நிற்கும் விதி உங்களுக்குத் தெரியும். முள் + நுனி = முண்ணுனி என்பதும் அப்படித்தான். வெண்மை நிறமான நெய் வெண்ணெய். இரத்தத்துக்கே நெய்த்தோர் என்று ஒரு பழைய சொல் உண்டு. காலப்போக்கில் எண்ணெய் என்ற சொல்லில் எள் இருப்பதையே நாம் மறந்துவிட்டோம். அதனால்தான் தேங்காய் எண்ணெய் என்று கூசாமல் சொல்கிறோம். பிரித்துப் பார்த்தால் அது தேங்காய் எள் நெய்! மண்ணெண்ணெய் அதைவிட வேடிக்கை. மண்ணுக்கும் எள்ளுக்கும் என்ன சம்பந்தம்? மலாய்க்காரர்களும் மண்ணெண்ணெயை மின்யாக் தானா, அதாவது மண் எண்ணெய் என்றுதான் சொல்கிறார்கள். நாசி லெமாக்கில் வரும் லெமாக் என்ற சொல்லுக்கும் கொழுப்பு என்றுதான் பொருள். அங்கே கொழுப்பு தேங்காய்ப்பாலிலிருந்து வருகிறது. ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பதில் மொழிகள் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று இந்த இடத்தில் வகுப்பில் பேசலாம். பத்து நிமிடம் ஓடிவிடும்.

சொல்லைப் போலவே செய்முறையும் ஒன்றுதான். வெண்ணெயில் ஏறக்குறைய 80 விழுக்காடு கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி நீர், கொஞ்சம் பால் சத்து. அதை மெல்லிய தீயில் உருக்கினால் நீர் ஆவியாகும், பால் சத்து அடியில் கசண்டாகத் தங்கும். வடிகட்டினால் நெய். இறைச்சிக் கொழுப்பிலும் இதே வேலைதான் நடக்கிறது. கொழுப்பைச் சின்னச் சின்னதாக நறுக்கி, அடிப்பிடிக்காமல் இருக்க ஒரு கை நீர் விட்டு, சிறுதீயில் வைப்பார்கள். கொழுப்பு உருகி வெளியே வரும், சவ்வும் சதையும் சுருங்கி வறுபட்டு மிதக்கும். வடிகட்டி ஆற வைத்தால் வெள்ளையாக உறையும். கிருமி வளர நீர் வேண்டும். நீரை விரட்டிவிட்டால் கொழுப்பு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். கெடுப்பது காற்றும் வெளிச்சமும் சூடும்தான். காற்றுப் பட்டால் காறல் வாடை வந்துவிடும். அதனால்தான் மூடி இறுக்கமான டின், இருட்டான மூலை, ஈரமில்லாத கரண்டி. நம் பாட்டிமார்கள் இதற்கு அறிவியல் பாடம் படிக்கவில்லை.

என் பாட்டி உலு லங்காட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். அவர் வீட்டில் இரண்டு டின்கள் இருந்தன. ஒன்று நெய் டின், சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கும். தோட்டத்தில் பல குடும்பங்கள் மாடு வளர்த்தன. பாலை விற்றது போக மிச்சத்தில் தயிர், வெண்ணெய், நெய். இன்னொன்று பழைய மைலோ டின். அடுப்புக்குக் கீழே, விறகுக்குப் பின்னால் இருக்கும். அதில் இருந்தது கொழுப்பு. தீபாவளிக்கு ஆட்டை அறுத்துக் கூறு போடும்போது கொழுப்பைப் பலர் வேண்டாமென்று ஒதுக்குவார்கள். பாட்டி அதைக் கேட்டு வாங்கி வருவாராம். யாராவது காட்டுப்பன்றி அடித்தால் அதன் கொழுப்பும் வரும். சில வீடுகளில் பன்றி ஏறாது, அவர்கள் ஆட்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

உருக்கும்போது பார்வையைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். "பேசிக்கிட்டே இருக்கும் புள்ள. பேச்சு நின்னா இறக்கிடு" என்பார் பாட்டி. நீர் இருக்கும்வரை சட்டி சலசலக்கும், நீர் போனதும் அடங்கிவிடும். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டால் கருகிப்போகும். நெய்க்கும் இதே கணக்குத்தான், நெய்யில் மட்டும் கடைசியில் ஒரு கொத்து முருங்கைக்கீரை. மிதக்கும் வறுபட்ட துண்டுகளில் உப்புத் தூவி அன்று மாலையே பிள்ளைகள் தின்றுவிடுவார்கள். வடித்த கொழுப்பில் ஒரு கரண்டி எடுத்துக் கருவாட்டுக் குழம்புக்கு வெங்காயம் தாளிப்பது, மரவள்ளிக்கிழங்கை வதக்குவது, தோசைக்கல்லில் தடவுவது என்று அது மாதக்கணக்கில் வரும். ஆட்டுக் கொழுப்பு நம் நாட்டு வெயிலிலும் கெட்டியாகவே நிற்கும். ஆறிய சோற்றோடு சாப்பிட்டால் நாக்கிலும் அண்ணத்திலும் ஒட்டும், சுடச்சுடத்தான் சாப்பிட வேண்டும். பன்றிக் கொழுப்பு அப்படியில்லை, இங்கே பாதி இளகித்தான் இருக்கும்.

இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று சொன்னபோது என் பெரியம்மா முகம் மாறியது. "நெய் டின்னைப் பத்தி எழுதும்மா. அந்தக் கொழுப்பு டின்னை ஏன் எழுதுற? கஷ்டப்பட்டவங்கன்னு நினைப்பாங்க" என்றார். நான் எழுதுகிறேன். கஷ்டப்பட்டதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் அவர் சொன்னதில் ஒரு வரலாற்று உண்மை இருக்கிறது. நெய் என்பது வசதியின் அடையாளம், கொழுப்பு என்பது இல்லாமையின் அடையாளம் என்று அந்த இரண்டு டின்களும் வீட்டுக்குள்ளேயே பிரிந்து நின்றன.

நெய் வசதியின் அடையாளமாக இருப்பது புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார். அதில் ஓர் ஆய்மகள் வருகிறாள். மோரை விற்றுத் தானியம் வாங்கி வீட்டாரை உண்பிக்கிறாள். நெய்க்கு மட்டும் பொன் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். எருமையும் பசுவும்தான் வேண்டும் என்கிறாள். இந்தப் பகுதியை ஆயர் வாழ்க்கைச் சித்திரிப்பு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். கெடும் பொருள், கெடாத பொருள் என்ற கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். மோர் நாளைக்குப் புளித்துவிடும், அதனால் இன்றைய சோற்றுக்கு மாற்றிவிடுகிறாள். நெய் கெடாது. சேர்த்து வைத்து, விலை பேசி, கறவை மாடாக மாற்ற முடியும். நெய்தான் அவளுடைய சேமிப்பு.

அதே நூலில் எயினர் குடியிருப்பும் வருகிறது. எயிற்றியர் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். உண்பதற்குத் துணை வாடூன், அதாவது உலர்த்திய இறைச்சி. அவர்களிடம் நெய் இல்லை, ஆனால் சேமிப்பு இருக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வாசலில் பொருநர்கள் இறைச்சி தின்று தின்று பல்லே மழுங்கிப்போகிறார்கள். அது சேமிக்கத் தேவையில்லாத அரண்மனை. புறநானூற்றில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு கைம்மை உணவை விவரிக்கும்போது நெய் படாத சோறு என்பதையும் சேர்த்துச் சொல்கிறாள். கணவனை இழந்த பெண்ணிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டவற்றில் நெய்யும் ஒன்று. ஆக, யாருக்குக் கொழுப்பு கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது அன்றே வகுக்கப்பட்டிருந்தது. கொழு என்ற அடியிலிருந்துதான் கொழுமை, செழிப்பைக் குறிக்கும் சொல், வந்தது. அதே கொழுப்பு இன்று திமிர் என்ற பொருளில் வகுப்பறையில் தினமும் கேட்கிறது. "உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு" என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

இனி அந்த மாணவனின் பயத்துக்கு வருகிறேன். எந்த விலங்கின் கொழுப்பு என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் உருக்கிய கொழுப்பின் சிக்கல். இறைச்சித் துண்டைப் பார்த்தால் ஆடா மாடா என்று சொல்லிவிடலாம். உருக்கி உறைந்த பிறகு எல்லாம் வெள்ளைதான். இந்தச் சந்தேகம் சரித்திரத்தில் பெரிய தீயை மூட்டியிருக்கிறது. 1857இல் என்பீல்டு துப்பாக்கித் தோட்டாக்களில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டிருப்பதாகச் செய்தி பரவியது. அதை வாயால் கடித்துத் திறக்க வேண்டும். இந்து சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் ஒரே தோட்டாவில் அவமானம். மே 10 அன்று மீரட்டில் கலகம் வெடித்தது. இந்தப் பகுதியை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள், அதனால் விரிக்கவில்லை.

அவ்வளவாகப் பேசப்படாதது 1917இல் கல்கத்தாவில் நடந்தது. கடைகளில் விற்ற நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருப்பது தெரிய வந்ததும் நகரமே கொதித்தது. அறியாமல் உண்டுவிட்ட பாவத்தைப் போக்க ஹூக்ளி ஆற்றங்கரையில் பெருந்திரளாகச் சடங்குகள் நடந்தன. கலப்படத்துக்கு எதிராகச் சட்டமும் வந்தது. நெய் விலை ஏற ஏறக் கலப்படமும் ஏறியது. அந்த இடத்தை நிரப்பத்தான் பிறகு வனஸ்பதி, அதாவது தாவர எண்ணெயை உறைய வைத்துச் செய்த போலி நெய், வந்தது. 1937இல் வந்த டால்டா டின் இந்திய வீடுகளில் நெய் டின்னுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. தாவரப் பொருள், பயமில்லை என்று வாங்கினார்கள். 1983இல் அந்த வனஸ்பதியிலேயே இறக்குமதி மாட்டுக் கொழுப்பு கலந்ததாகப் பெரிய சர்ச்சை வெடித்தது. நம் மாணவன் டின்னைத் திருப்பிப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு இப்படி நூறாண்டுக்கு மேல் வயது. எனவே அவனைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளிடம் மறுநாள் இதைச் சொன்னேன்.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. கப்பல் வரவு நின்றது. அரிசி, உப்பு, சர்க்கரை எல்லாமே பங்கீடு. தோட்டத்து ஆண்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு மரவள்ளிக்கிழங்குதான் சோறு. கிழங்கில் மாவுச்சத்து மட்டும்தான் இருக்கிறது, கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. கொழுப்பில்லாமல் வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது. அந்த வேளையில் பலருக்குக் கைகொடுத்தது சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய், ரத்தச் சிவப்பில் இருக்கும். அதில்தான் சமையல், அதில்தான் விளக்கு. பாட்டிக்கு அப்போது ஏழெட்டு வயது. "கிழங்கு செவப்பா இருக்கும், நாக்கு செவப்பா இருக்கும்" என்பார்.

அதே ஆண்டுகளில் உலகத்தின் மறுபுறத்திலும் அடுப்படிக் கொழுப்பு அரசாங்க விஷயமாகியிருந்தது. பிரிட்டனில் 1940இல் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் பங்கீட்டுக்கு வந்தன, பிறகு சமையல் கொழுப்பும் சேர்ந்தது. வறுத்த இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பைக் கிண்ணத்தில் பிடித்து ரொட்டியில் தடவினார்கள். கொழுப்புக்கான பங்கீடு 1954இல்தான் முடிந்தது. அமெரிக்காவில் 1942இல் வேறு மாதிரி. சமைத்து மிஞ்சிய கொழுப்பை டின்னில் சேர்த்து இறைச்சிக் கடையில் கொடுங்கள் என்று இயக்கமே நடத்தினார்கள். கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. பவுண்டுக்கு 4 சென்ட் கொடுத்தார்கள். இதற்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் மின்னி மவுசை வைத்து ஒரு குறும்படமே எடுத்தது. அங்கே சேர்த்து வைப்பது நாட்டுப்பற்று.

போர் முடிந்து சில ஆண்டுகளில், நம் செமினியில், சேர்த்து வைப்பது குற்றமானது. இந்தக் கட்டுரையில் மாணவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இது.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சாப்பாடு காட்டோரத்து மக்களிடமிருந்துதான் போகிறது என்பது அரசாங்கத்தின் கணக்கு. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், கம்பிவேலி போட்ட புதுக்கிராமங்களுக்குக் குடிமாற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகளும் ஒன்றுசேர்க்கப்பட்டு வேலிக்குள் வந்தன. செமினியிலும் புரோகாவிலும் புதுக்கிராமங்கள் எழுந்தன. 1951இலிருந்து உணவுக் கட்டுப்பாடு இறுகியது. மரம் வெட்டப் போகிறவர் மதியச் சாப்பாடு எடுத்துப்போகக்கூடாது. வாசலில் சோதனை. கடைக்காரர் டின் உணவு விற்றால் அந்த இடத்திலேயே டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சில இடங்களில் அரிசியையே கொடுக்காமல், பொதுச் சமையல்கூடத்தில் சோறாக ஆக்கிக் கொடுத்தார்கள்.

ஏன் ஓட்டை? ஏன் சோறாக ஆக்க வேண்டும்? மாணவர்களே, இந்தக் கேள்வியை நீங்களே கேட்டுப் பாருங்கள். அரிசி மூட்டை ஆண்டுக்கணக்கில் இருக்கும், சோறு இந்த வெயிலில் மறுநாளே புளித்துவிடும். மூடிய டின் எத்தனை மாதமும் இருக்கும், ஓட்டை விழுந்த டின்னை உடனே தின்றுதான் தீர்க்க வேண்டும். கெடாத உணவு காட்டுக்குள் பயணம் செய்யும், கெடும் உணவு செய்யாது. ஆய்மகள் மோரையும் நெய்யையும் வேறுபடுத்திப் பார்த்த அதே கண்ணால்தான் அதிகாரிகளும் அடுப்படிகளைப் பார்த்தார்கள். அவள் கெடாததைச் சேமித்தாள், இவர்கள் கெடாததற்குப் பயந்தார்கள்.

அந்தச் சோதனைகள் எப்படி நடந்தன என்பதில் நம் ஊரின் பெயர் நிரந்தரமாகப் பதிவாகியிருக்கிறது. காலையில் ரப்பர் வெட்டப் போகும் பெண்களை வாசலில் சோதனையிட்ட முறை பற்றிப் புகார்கள் எழுந்தன. ஆடை களையச் சொன்னார்கள் என்பதுதான் புகார். விஷயம் பெரிதாகி அரசாங்கம் விசாரணை நடத்த வேண்டி வந்தது. சிலாங்கூர் காஜாங் மாவட்டம் செமினியில் நடந்த உணவுச் சோதனைகள் பற்றிய அறிக்கை என்ற பொருளில் அது 1956இல் வெளிவந்தது. ஒரு பிடி அரிசியோ, ஒரு சின்ன டப்பா எண்ணெயோ உடம்பில் மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க நடந்த சோதனைகள் அவை. சுதந்திரத்துக்கு ஓராண்டே இருந்த காலம். இன்று பல்கலைக்கழகமும் புதிய வீடமைப்புப் பகுதிகளுமாக நிற்கும் செமினியில், அந்த வாசல் எங்கே இருந்தது என்று என் மாணவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் ஆசிரியராக வந்த பிறகுதான் இந்த அறிக்கை இருப்பதே தெரிந்தது.

பாட்டியிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். தோட்டத்து வேலியைப் பற்றி அதிகம் பேச மாட்டார். "டின்னுல ஓட்ட போட்டுத்தான் குடுப்பான். ஓட்ட போட்ட டின்னுல எறும்பு வந்துரும்" என்றார். சற்று நேரம் கழித்து, "கொழுப்ப உருக்கி நான் வேற டின்னுல ஊத்தி வப்பேன். அது எங்க ஆட்டுக் கொழுப்பு, கடையில வாங்கினதா என்ன?" என்றார். அடுப்புக்குக் கீழே, விறகுக்குப் பின்னால் அந்த டின் ஏன் இருந்தது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. சாமிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பதற்காக மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த டின் எப்படி மறைந்தது என்பதற்கு விடை கோலசிலாங்கூரில் இருக்கிறது. கல்கத்தாவில் நெய்க் கலகம் நடந்த அதே 1917இல், அங்கே தென்னமாரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. தொடங்கியவர் ஹென்றி போகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இவர் பிறகு மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவர். இலக்கிய ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1956இல் பெல்டா தொடங்கியது, 1960களில் ரப்பரோடு செம்பனையும் பரவியது. தமிழர்கள் பால்வாளியை வைத்துவிட்டுக் குலை வெட்டும் கத்தியை எடுத்தார்கள். செம்பனை எண்ணெயில் பாதிக்குப் பாதி உறையும் தன்மையுள்ள கொழுப்பு. குணத்தில் விலங்குக் கொழுப்புக்கு மிக நெருங்கிய தாவர எண்ணெய் அது, பொரிப்பதற்குத் தாங்கும். எந்தச் சமயத்தாருக்கும் தடையில்லை. விலையும் மலிவு. இன்றும் அரசாங்க உதவித்தொகையோடு 1 கிலோ பாக்கெட் 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கிறது. இதற்கு முன்னால் கொழுப்பு டின் எப்படி நிற்கும்? பக்கத்துப் புதுக்கிராமத்துச் சீன வீடுகளிலும் பன்றிக் கொழுப்புச் சாடி குறைந்துவிட்டது. கோலாலம்பூர் ஹொக்கியன் மீயில் மட்டும் வறுத்த கொழுப்புத் துண்டு இன்னும் தலைகாட்டுகிறது.

டின் போனாலும் பழக்கம் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டி கொழுப்பை மிச்சம் பிடித்தது போல நாம் பாமாயிலை மிச்சம் பிடிக்கிறோம். அப்பளம் பொரித்த எண்ணெயில் மீன், மீன் பொரித்த எண்ணெயில் மறுநாள் குழம்பு. இது ஒன்றல்ல. பாட்டி ஒருமுறை சிறுதீயில் உருக்கி, வடிகட்டி, ஒவ்வொரு கரண்டியாக எடுத்தார். நாம் அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பப் புகையும்வரை காய்ச்சுகிறோம். காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து கருத்து, சீக்கிரமே புகையத் தொடங்கும். உடம்புக்கு ஆகாது. பாட்டி காலத்துப் பழக்கம் என்று இதற்கு நியாயம் சொல்லாதீர்கள்.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. தோட்டப்புற வாழ்க்கை, அவசரகாலம், உணவும் பண்பாடும் என்று எந்தத் தலைப்பு வந்தாலும் இப்படி ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு எழுதலாம். "அக்கால மக்கள் பல இன்னல்களை அனுபவித்தனர்" என்று எழுதினால் திருத்துகிறவர் அந்த வரியை நூறாவது முறையாகப் படிக்கிறார். "விற்ற டின்னில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள், ஏனென்றால்..." என்று தொடங்கினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பார். காரணமும் விளைவும் அந்த ஏனென்றாலில் வந்துவிடும். ஆண்டு தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. அப்போது பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல். விடுமுறைக்கு முன் மாணவர்களிடம் ஒரு சின்ன இடுபணி கொடுங்கள். வீட்டில் உள்ள மூத்தவரிடம் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும், தோட்டத்தின் பெயரையும் அவர் பிறந்த ஆண்டையும் முதலிலேயே சொல்ல வைக்கட்டும். "அப்ப என்ன சாப்பிட்டீங்க பாட்டி?" என்று கேட்டால், "என்னத்த சாப்பிட்டோம், கஞ்சிதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "மிச்சத்தை எதுல போட்டு, எங்க வச்சீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். என் பாட்டி அந்தக் கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் பேசினார்.